பளபளப்பு மட்டும் போதுமா?

மழை பெய்த ஓர் இரவு. தீபாவளிக்குத் துணிமணிகள் வாங்கிவிட்டு, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்து அப்பாவின் பழைய கஞ்சிலில் வீடு திரும்பிக் கொண்டிருந்தேன். எதிரே வந்த லோரியின் விளக்கொளி, முன் கண்ணாடி முழுவதும் பால் சிந்தியது போல் பரவியது. ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. ஒளி விலகியபோது, குடை பிடித்த முதியவர் ஒருவர் சில அடி தூரத்தில் சாலையைக் கடந்து கொண்டிருந்தார். பிரேக்கை அழுத்தி மிதித்தேன், வண்டி நின்றது. அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டார். வீடு சேரும் வரை என் கைகள் நடுங்கிக் கொண்டே இருந்தன.

இத்தனைக்கும் அன்று காலையில்தான் அந்த மகிழுந்தைக் கழுவி, மெழுகு பூசிப் பளபளவென்று வைத்திருந்தேன். மெழுகு தேய்த்த அதே துணியால் கண்ணாடியையும் துடைத்தேன். தவறு அங்கேதான் நடந்தது.

கண்ணாடியில் படியும் அழுக்கு வெறும் தூசு மட்டுமல்ல. கிள்ளான் துறைமுகத்தை நோக்கி ஓடும் கனரக வாகனங்களின் புகை, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மெல்ல மெல்ல ஓர் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. மெழுகும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. உட்புறத்திலோ, நம் நாட்டு வெயிலில் சூடேறும் நெகிழிப் பாகங்களிலிருந்து வெளியாகும் ஆவி கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. பகலில் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் எதிரொளி பட்டதும் ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. மழையும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கண்டறிவது எளிது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே சீராகப் பரவினால் கண்ணாடி சுத்தம். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றால் எண்ணெய்ப் படலமோ மெழுகோ இருக்கிறது என்று பொருள்.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான தகட்டில் நீர் சட்டென உலர்ந்து வெள்ளைக் கறைகளை விட்டுச் செல்லும். காய்ந்த துணியால் புழுதியைத் துடைக்கவே கூடாது. புகைமூட்டக் காலத்தில் படியும் சாம்பலும் அப்படித்தான். நுண்மணல் வண்ணத்தைக் கீறிவிடும். இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் வாகனங்களுக்கான சவர்க்கார நீர், மற்றொன்றில் துணியை அலசத் தூய நீர். மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள். 2020 செப்டம்பரில் ஆற்றுநீர் மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல நாள்கள் குழாய்கள் வற்றிக் கிடந்ததை மறந்துவிட்டோமா? குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

கிள்ளான்வாசிகளுக்குக் காகத்தின் எச்சம் ஒரு தனித் தலைவலி. இந்தக் காகங்களின் மூதாதையர், காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் இலங்கையிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டவை என்பது பலர் அறியாத செய்தி. எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் காய்ந்தால் வண்ணத்தின் மேற்பூச்சில் தழும்பு விழும். நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு, ஊறிய பிறகு மெல்ல எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடிக்கு எப்போதும் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். உட்புறத்தை மேலும் கீழுமாகவும், வெளிப்புறத்தைப் பக்கவாட்டிலும் துடைத்தால், கோடு எந்தப் பக்கம் விழுந்துள்ளது என்பது உடனே தெரிந்துவிடும். கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடிக்கு அம்மோனியா கலந்த திரவம் ஆகாது. அது தாளைக் கெடுத்துவிடும். மழைத் துடைப்பானின் இரப்பரையும் ஈரத்துணியால் துடையுங்கள். அது வெடித்து இறுகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், முன் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். விதிப்படி தாள் ஒட்டியவர்கள்கூட, அதன்மேல் அழுக்கைப் படியவிட்டால் என்ன பயன்?

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். மழையில், ஒற்றை விளக்கோடு வருகிற அவர்களை நாம் பார்ப்பது இந்தக் கண்ணாடி வழியாகத்தான். கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் எதற்கு?

வண்ணத்தின் பளபளப்பு பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. கண்ணாடியின் தெளிவோ நாம் பிறரைப் பார்ப்பதற்கு. அன்று குடையோடு நடந்து போன அந்த முதியவர், தம் வீட்டாரோடு தீபாவளி கொண்டாடியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் நிம்மதி அடைகிறது. இப்போது ஞாயிறுதோறும் நான் முதலில் கையிலெடுப்பது கண்ணாடித் துணியைத்தான். மெழுகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.