குழல்களின் பேரொலி: ஓர் ஒலிப்பதிவைக் கேட்கும் முறை

விரைவாக வாசிப்பதே திறமை என்று எண்ணும் காலம் இது. அவ்வெண்ணத்தை மாற்றக்கூடிய ஓர் ஒலிப்பதிவு உண்டு. நெதர்லாந்தின் அல்க்மார் நகரிலுள்ள புனித லாரன்ஸ் தேவாலயத்தில், 1956ஆம் ஆண்டு ஹெல்முட் வால்க்கா வாசித்த பாக்கின் 'டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும்' என்ற படைப்பே அது.

வால்க்கா இளம் வயதிலேயே பார்வையை முற்றிலும் இழந்தவர். பிறர் ஒவ்வோர் இழையாக வாசித்துக் காட்ட, அவற்றைத் தனித்தனியே மனனம் செய்து, பின்னர் மனத்துள் ஒன்றுசேர்த்தார். பாக்கின் ஆர்கன் இசையை அவர் கற்றது இவ்வாறுதான். எனவே அவர் வாசிப்பில் எந்த இழையும் மற்றொன்றில் மறைந்துபோவதில்லை.

முதலில் காலப்பிரமாணம். இப்படைப்பின் பழைய கையெழுத்துப் படியில் 'அடாஜியோ', 'பிரெஸ்டிசிமோ' போன்ற வேகக் குறிப்புகள் உள்ளன. ஆனால் அவ்வேகத்தை எண்ணால் அளக்கும் மெட்ரோனோம் அன்று இல்லை. அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது 1815இல்தான். ஆகவே இறுதி முடிவைக் கட்டடமே எடுக்கிறது. உயர்ந்த தேவாலயத்தில் ஒரு சுரம் ஒலித்து ஓய்ந்த பின்னும் அதன் எதிரொலி நீடிக்கும். அவசரப்பட்டால் அடுத்த சுரம் அதில் கலங்கிவிடும். தொடக்கத்தில் வரும் நீண்ட மௌனங்களைக் கவனியுங்கள்: அவை வெறும் இடைவெளிகளல்ல, கட்டடம் பதில் சொல்லும் நேரம்.

அடுத்தது சுருதி. பதிவைக் கேட்டுக்கொண்டே வீட்டிலுள்ள கீபோர்டில் 'டி' கட்டையை அழுத்திப் பார்ப்பவர் திகைப்பார். இரண்டு கட்டையில் ஒலிக்க வேண்டிய இசை, ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கிறது! இது பதிவின் பிழையன்று. 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 1725இல் பிரான்ஸ் காஸ்பர் ஷ்னிட்கர் புதுப்பித்து முடித்த அவ்வார்கனின் சுருதி, இன்றைய பொது அளவைவிட அரைச் சுரம் தாழ்ந்தது. அவ்வாழம் இசைக்கு ஒரு கனத்தைத் தருகிறது.

மூன்றாவது, உணர்வு. மைனர் சுரவரிசை நம் செவிக்குக் கீரவாணியை நினைவூட்டலாம். மைனரில் தொடங்கும் படைப்பை ஒளிமிகுந்த மேஜர் ஒலிக்கூட்டில் முடிப்பது பாக் காலத்துப் பெருவழக்கு. இப்படைப்போ மைனரிலேயே முடிகிறது. ஆறுதல் சொல்லாமல் விடைபெறும் அந்த முடிவு, கேட்பவரை நெடுநேரம் அமைதியில் ஆழ்த்துகிறது.

ஒரு மாலைப்பொழுதில் பத்து நிமிடங்களை ஒதுக்கி இதைக் கேளுங்கள். முதல் முறை மெதுவாகத் தோன்றலாம். இரண்டாம் முறை, ஃபியூகில் கீழே காலால் வாசிக்கப்படும் பெருங்குழல்களின் இழையை மட்டும் பின்தொடருங்கள். கண்ணில்லாத கலைஞர் ஒருவர் ஒவ்வோர் இழையையும் எத்துணைப் பொறுமையுடன் சேமித்தார் என்பது அப்போது விளங்கும். நிதானமாகச் சேர்த்தது நிலைக்கும் என்பது இசைக்கும் பொருந்தும் அன்றோ!