மீனின் குற்றமா, மாத்திரையின் குற்றமா?

"மீன் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லும் பெரியவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. நாற்பது வயதுவரை இறாலும் நண்டும் விரும்பி உண்டவருக்கே பின்னர் அவை ஒவ்வாமற் போவதுண்டு. அது மெய்யான ஒவ்வாமை. ஆனால் மீன் உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, தோலில் தடிப்பு எழுந்தால், அதனையும் ஒவ்வாமை என்றே முடிவு கட்டிவிடலாகாது.

திகன கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊர். கடல்மீன் லொறியேறி மலையேறித்தான் அங்கே வந்து சேரவேண்டும். சூரை, கெலவல்லா, கும்பளா ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. பிடித்த வேளை தொட்டுப் போதிய பனிக்கட்டி இல்லையேல், நுண்ணுயிர்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நச்சாக மாற்றிவிடும். மீனின் தோற்றத்தைக் கொண்டு இதனை அறிய இயலாது. குழம்பு எத்துணை கொதித்தாலும், கொறுக்காய்ப்புளி எவ்வளவு சேர்த்தாலும், உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் அழிவதில்லை.

இத்தகைய மீனை உண்ட பலருக்கும் ஒருங்கே துன்பம் வருவது வழக்கம். அவ்வாறிருக்க, ஒரே சட்டிக் கறியை வீட்டார் அனைவரும் உண்டு, ஒருவர் மட்டும் துடிப்பது எங்ஙனம்?

இதற்கு விடை நம் நாட்டு மருத்துவரிடமே உண்டு. காசநோய்க்கு ஐசோநயசிட் மாத்திரை உண்போர் ஹிஸ்டமின் மிகுந்த மீனை உண்டு துன்புற்றதை உரகொட, கொத்தேகொட என்னும் இருவர் 1977இல் எழுதினர். திகனவுக்கு அண்மையிலுள்ள பேராதனையின் மருத்துவர்களான சேனநாயக்க, வைரவநாதன் ஆகியோரும் இதனை ஆராய்ந்தனர். இம்மாத்திரை உண்ட ஒருவருக்குச் சூரைமீனால் மூளை இரத்தக்குழாய்த் தாக்கமே நேர்ந்ததை 1978இல் அவர்கள் வெளியிட்டனர். உணவிலுள்ள ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று நம் குடலில் உண்டு. அதனை இம்மாத்திரை முடக்கிவிடுகிறது. பிறர் தாங்கிக்கொள்ளும் சிற்றளவே நோயாளியைச் சாய்த்துவிடும்.

துன்பம் பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அதன்பின் நிகழும் தவறே பெரிது. "மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதனைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். ஆறு திங்கள் இடையறாது உண்ணவேண்டிய மருந்து அது. இடையில் விட்டால் காசநோய் முன்னிலும் முரடாகித் திரும்பும். உண்ட மீன் இன்னதென்று மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரையை நிறுத்துவதா என்பதை அவரே சொல்லட்டும்.

மருந்து முடியும்வரை சூரை முதலிய மீன்களை அவருடைய கோப்பையில் இடாதிருப்பதே நலம். சம்பலுக்கு இடிக்கும் மாசியும் சூரைமீனிலிருந்து செய்வதே என்பதை வீட்டில் சமைப்போர் மறந்துவிடுவதுண்டு.