அரிசித் தட்டுக்கு அடுத்த நாள்

விஜயதசமியன்று காலையில் கோவை சித்தாபுதூர் ஐயப்பன் கோயிலில் மழலையரின் குரல் சரண கோஷத்தையும் மிஞ்சிவிடும். பெரியவர்கள் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றி, பரப்பிய பச்சரிசியில் ‘ஹரி ஸ்ரீ’ என எழுதுவிப்பர். தமிழ்க் குடும்பத்தார் ‘அ’ எழுதுவதும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கொங்கு நாட்டில் இரு மரபுகளும் இவ்வாறு கலந்து நிற்பது இயல்பே.

மறுநாள் நடப்பதுதான் கவலைக்குரியது. அரிசி அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலும் கோடு போட்ட நோட்டும் திணிக்கப்படுகின்றன. விரல்கள் உறுதிப்படாத பருவம் அது. அழுதுகொண்டே கற்கும் எழுத்தின்மீது பிள்ளைக்கு எப்படிப் பிரியம் வரும்? நன்றாகத் தமிழ் பேசியும் தேவாரத்தில் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் மட்டுமல்ல, பீளமேட்டிலும் இருக்கின்றனர்.

நம் முன்னோர் இவ்வளவு அவசரப்படவில்லை. திண்ணைப் பள்ளியில் முதல் ஏடு மணல்தான். விரலால் மணலில் எழுதிக் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான எழுத்து வடிவங்களை விரலால் தடவச் செய்த பின்பே எழுதுகோலைத் தரவேண்டும் என்ற கொள்கையினர். நம் வீட்டுப் பழக்கம் உலகைச் சுற்றி நம்மிடமே வந்து சேர்ந்தது எனலாம்.

‘அ’ மங்கலமான எழுத்து. ஆனால் கைக்கு எளிய எழுத்தன்று. சுழி, வளைவு, நேர்க்கோடு மூன்றும் அதில் உண்டு. ஆகவே பூஜையில் ‘அ’ எழுதியபின், பயிற்சியை ‘ட’விலிருந்து தொடங்குவதே நலம். மேலிருந்து கீழே ஒரு கோடு, வலப்புறம் ஒரு கோடு, ‘ட’ வந்துவிட்டது. அதிலிருந்து மேலே ஒரு கோடு ஏற்றினால் ‘ப’. அடுத்து ‘ம’வும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று சொற்களே கைகூடும். ஒரு சொல்லைத் தானே எழுதிவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

இதற்குக் கடையில் வாங்கவேண்டியது ஏதுமில்லை. தாம்பாளத்தில் ரவையோ ராகி மாவோ பரப்பினால் போதும். தவறினால் தட்டை ஒருமுறை அசைத்தால் அழிந்துவிடும். சிவப்பு மையும் இல்லை, திட்டும் இல்லை. தரையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி, அதன்மேல் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லலாம். (சிறு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாதபடி அருகிலேயே இருக்கவேண்டும்.) முறுக்கு மாவைத் திரித்து எழுத்தாக்கினால், எழுதிய பிள்ளையே அதைத் தின்னவும் கேட்கும். முதுகில் விரலால் எழுதி என்ன எழுத்தென்று கேட்பது மழைநாள் மாலைக்கு ஏற்ற விளையாட்டு.

எல்லாவற்றிலும் சிறந்தது கோலமே. புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு இழுப்பது ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் பயிற்சி, புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக் கோலம் ‘இ’, ‘ஞ’, ‘ண’ ஆகியவற்றின் சுழிகளுக்குப் பயிற்சி. அப்பத்தாவும் அம்மிச்சியும் அதிகாலையில் வாசலில் குனியும்போது, பேரப்பிள்ளைக்கும் ஒரு பிடி கோலமாவு கொடுத்தால் ஆயிற்று.

பெரியவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்குமுன் படித்தவர்களின் கை, ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவற்றைப் பழைய வடிவிலேயே எழுதிவிடும். பிள்ளையின் பாடநூலில் அவை இல்லை. கற்றுத் தரும்போது புதிய வடிவமே தகும். பழைய ‘லை’யின் தும்பிக்கையைத் தனியே ஒருநாள் வரைந்து காட்டலாம். விநாயகரைத் தெரிந்த பிள்ளை, அதற்குக் காதும் கண்ணும் தானே வரைந்துவிடும்.