ஒலிபெருக்கி வழியே வந்த இணையம்

புதுச்சேரிக்குத் தெற்கே கடலையொட்டி வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. 1990-களின் இறுதியில் அவ்வூரில் ஒரு புதிய பழக்கம் தொடங்கிற்று. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களின் நலன் கருதிக் கணித்து வெளியிட்டு வந்த அலை உயரக் குறிப்புகளை, வில்லியனூரில் ஒரு சிறு அலுவலகத்தில் இருந்தோர் இணையத்திலிருந்து எடுப்பர். அவற்றைத் தமிழில் ஆக்கி வீராம்பட்டினத்து மையத்துக்கு அனுப்புவர். அங்கே பொறுப்பிலிருந்தவர்கள் கடற்கரையில் நிறுத்திய ஒலிபெருக்கிகளில் அதனை அறிவிப்பர். வலையை ஏற்றிக்கொண்டு நிற்கும் மீனவர் அதைக் கேட்டு, இன்று போகலாமா, கூடாதா என்று தாமே முடிவு செய்வர். அம்மீனவருள் பெரும்பாலோர் கணிப்பொறியைத் தொட்டதே இல்லை. ஆயினும் அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

இந்நிகழ்ச்சியை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஏழை நாடுகளில் இணையம் பரவவில்லை என்றால், கம்பி போடவில்லை, கோபுரம் எழுப்பவில்லை என்பதே காரணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி, இணையத்தோடு எத்தொடர்பும் இல்லாதோர் ஏறத்தாழ 260 கோடிப் பேர். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 93 பேர் இணையத்தைப் பயன்படுத்த, மிக வறிய நாடுகளில் அப்போது 27 பேரே பயன்படுத்தினர். ஆனால் இந்த 260 கோடியில் பெரும்பகுதியினர் அலைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள்தான் வாழ்கின்றனர். வழி வாசல்வரை வந்திருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஏன்?

புதுச்சேரிக்கே மீண்டும் செல்வோம். வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு 1998-இல் இப்பணியைத் தொடங்கியது. அவர்கள் முதலில் கணிப்பொறியை வாங்கவில்லை. ஊர் மக்களிடம் சென்று, உங்களுக்கு எந்தச் செய்தி தேவை, இப்போது அதை யாரிடம் கேட்டறிகிறீர்கள் என்று விசாரித்தார்கள். விதை, உர விலை, நெல் விலை, மருத்துவர் எந்நாளில் வருவார், அரசின் உதவித் திட்டங்களில் யார் பெயர் உள்ளது என்பனவே மக்களுக்கு வேண்டியிருந்தன. உலகச் செய்தி எவருக்கும் அவ்வளவு அவசரமாக வேண்டியிருக்கவில்லை!

அக்காலத்தில் சிற்றூர்களில் தொலைபேசி இணைப்புக் கிடைப்பதே அரிது. ஆகவே வில்லியனூரில் மட்டும் தொலைபேசி வழி இணையத்தை வைத்துக்கொண்டு, அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குக் கம்பியில்லா வானொலிக் கருவிகளால் செய்தியை அனுப்பினார்கள். ஒரே கருவி பேச்சையும் சுமந்தது, கணிப்பொறியின் எழுத்தையும் சுமந்தது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோனதால் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தினார்கள். இவையெல்லாம் பொறியியல் தடைகள். அறிவும் பணமும் இருந்தால் தீர்ந்துவிடும்.

தீராத தடை வேறு. மையத்தை எங்கே வைப்பது? வசதியுள்ள ஒருவர் தம் வீட்டுத் திண்ணையையோ முன்னறையையோ தரலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஊரின் மறுகோடியில் வாழும் ஏழைப் பெண் தயங்காமல் காலடி எடுத்து வைப்பாளா? சாதி என்னும் சுவர் எந்தக் கம்பியையும்விட உறுதியானது. ஆதலின், ஊரார் பொது இடம் ஒன்றைத் தரவேண்டும், அங்கே தலித் மக்கள் உட்பட யாவரும் வந்துபோகத் தடை இருத்தலாகாது என்பது நிறுவனத்தின் நிபந்தனையாயிற்று. எம்பலம் என்னும் ஊரில் கோயிலில் ஓர் அறை தரப்பட்டது. பணியாளர்களையும் ஊராரே தேர்ந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பள்ளிப்படிப்பை நடுவில் விட்ட பெண்கள் ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழை அடிக்கப் பழகினர். ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் சிறு இதழும் அம்மையங்களின் முயற்சியால் வெளிவந்தது. ஒரு பெண்ணுக்கு ஊர் முழுவதும் வந்து தகவல் கேட்கும்போது அவளுடைய மதிப்பு தன் வீட்டிலும் உயர்கிறது. கணக்கில் வராத இப்பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அம்மையங்களுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். ஆழிப்பேரலைச் செய்தியை அங்கே தொலைக்காட்சியில் கண்டு தம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல் நீர் ஊருக்குள் புகத் தொடங்கியிருப்பதை அறிந்து, உடனே ஊரை விட்டு ஓடுங்கள் என்று எச்சரித்தார். செய்தி பெற்றோர் பூட்டிக் கிடந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூரில் வீடுகள் இடிந்தன, படகுகள் சிதைந்தன, உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஒருநாள் அவ்வூரைக் காத்தது இணையமன்று. அது ஒரு தொலைபேசி அழைப்பும் ஒலிபெருக்கியும்தாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். உண்மையே. ஆயினும் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, அதில் சொன்னால் ஊர் நம்பும் என்பதை ஆறாண்டுப் பழக்கமன்றோ கற்றுத் தந்தது!

இதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் வேறொரு வழியைக் கண்டனர். கொத்மலை சமுதாய வானொலி நிலையம், யுனெஸ்கோவின் துணையோடு 1999 முதல் இணையத்தை வானொலியோடு இணைத்தது. கேட்பவர் தம் ஐயத்தைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேட்பார். அறிவிப்பாளர் அதற்கான விடையை இணையத்தில் தேடி, அருகே மருத்துவரையோ வேறு வல்லுநரையோ அமர்த்திக்கொண்டு, மக்கள் பேசும் மொழியில் விளக்குவார். எழுத்தறியாதவரும், ஆங்கிலம் அறியாதவரும், கணிப்பொறி வாங்க இயலாதவரும் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து இணையத்தைக் கேட்டனர்.

மொழித் தடையைப் பற்றித் தமிழர்களாகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1998-இல் தமிழ் இணையத்தில் இல்லாமலில்லை. ஆனால் ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அவ்வெழுத்துருவைத் தன் கணிப்பொறியில் ஏற்றாதவருக்குத் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுவான விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக்குறியீட்டு முறையில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தாலும், அது எல்லாக் கருவிகளிலும் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. இன்று பேத்தி அனுப்பும் செய்தியைப் பாட்டி தமிழிலேயே வாசிக்கிறார் என்றால், அதன் பின்னே அயல்நாட்டுத் தமிழர் பலரின் ஊதியமில்லா உழைப்பும் உண்டு. எழுத்து வடிவம் பெறாத ஆப்பிரிக்க, பழங்குடி மொழிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முறையும் இங்கே கருதத்தக்கது. தேனிப் பகுதியில் அவர்கள் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களை நிறுவி, நகரிலுள்ள மருத்துவரோடு இணையம் வழியே நேரில் பேசும் வசதியைச் செய்தனர். இதற்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் துணைநின்றனர். வீட்டுக்குள் சிறு தொலைவுக்கென அமைந்த வைஃபை என்னும் கம்பியில்லா முறையை, உயர்ந்த கோபுரங்களில் திசை நோக்கிய வாங்கிகளைப் பொருத்திப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கும் நீட்டினர். செலவு மிகக் குறைவு. நோயாளி அங்கே எதையும் இயக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பாள். மருத்துவர் திரையில் தோன்றி, “ஐயா, உங்களுக்குக் கண்புரை முற்றியிருக்கிறது” என்று சொல்வார். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறி நகருக்குச் செல்லும் தேவை பலருக்கு ஒழிந்தது.

எல்லா முயற்சிகளும் வென்றன என்று எண்ணிவிடலாகாது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001 முதல், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லா முறையைக் கொண்டு பல சிற்றூர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர் இளைஞர்களே கடன் பெற்று நடத்தினர். புகைப்படம் எடுத்தல், விண்ணப்பம் அனுப்புதல், கணிப்பொறிப் பயிற்சி எனத் தொடங்கியவற்றுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வருவாய் கடன் தவணைக்கும் போதவில்லை. அரசு அலுவலகம் மின்னஞ்சலில் வந்த மனுவுக்கு விடையளிக்கும்வரை மக்கள் வந்தார்கள். ஆர்வமுள்ள அதிகாரி மாற்றலாகிச் சென்றதும் விடையும் நின்றது, வருகையும் நின்றது. இணையத்தின் மறுமுனையில் பொறுப்பான மனிதர் ஒருவர் இல்லாவிடில், இம்முனையில் எத்துணை நல்ல கருவி இருந்தும் என்ன பயன்?

விலை என்னும் தடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நாடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு 2009 வரை கடலடி வடமே இல்லை. எல்லாம் செயற்கைக்கோள் வழியே, அரசர்க்குரிய விலையில். 2009-இல் சீகாம் வடமும், 2010-இல் ஈசி வடமும் வந்த பின்னரே நிலை மாறத் தொடங்கிற்று. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் புகுந்தபின் தரவின் விலை சரிந்ததை எல்லாரும் அறிவோம். மறுபுறம், 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் கொண்டு செல்ல 2011-இல் ஒப்புதல் பெற்ற அரசுத் திட்டம், காலக்கெடுவைப் பன்முறை தள்ளிவைத்தது. ஊராட்சி அலுவலகம்வரை வடம் வந்தும், அதற்கப்பால் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போகாத இடங்கள் உண்டு.

விலை குறைந்தபின்னும் எஞ்சி நிற்பது வீட்டுக்குள் இருக்கும் தடை. பங்கு அலுவலகத்துக்குத் தாய்மார் அலைபேசியைக் கையில் ஏந்தி வருகின்றனர். பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கேள்விகளெல்லாம் ஆங்கிலத்தில். இறுதியில் ஓர் எண் வரும் என்கிறது. அந்த எண்ணோ திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரின் அலைபேசிக்குச் செல்கிறது. அவர் இயந்திரத்தின் அருகே நின்றுகொண்டு அழைப்பை எடுப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் எண் காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து. அந்தத் தாய்க்கு இணையம் இல்லை என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

பெண்பிள்ளையின் கையில் அலைபேசி இருக்கலாமா என்ற வழக்கு இல்லங்களிலும் விடுதிகளிலும் தீர்ந்தபாடில்லை. கோழிக்கோடு பகுதியில் ஒரு கல்லூரி விடுதி, மாலை நேரத்தில் மாணவியர் அலைபேசி வைத்திருத்தலாகாது என்று விதித்தது. அதனை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவி வழக்குத் தொடுத்தார். இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையோடும் தனிமை உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. ஆபத்துகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகனுக்கு இல்லாத ஆபத்து மகளுக்கு மட்டும் உண்டா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது, வீட்டில் இருந்த ஒரே அலைபேசி யார் கைக்குப் போயிற்று என்பது பல இல்லங்களுக்கும் நினைவிருக்கும். 2019-இல் தொடங்கப்பட்டிருந்த தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி அந்நாள்களில் கைகொடுத்திராவிட்டால், பல பிள்ளைகளின் படிப்பு அறவே நின்றிருக்கும்.

இத்தனைக்குப் பின்னும் கடல் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கரையை ஒட்டிக் கடல்வழியே சென்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுத் தொலைவில் இருந்தனர். அவர்களுள் பலரிடம் அலைபேசி இருந்தது. ஆனால் கரையிலிருந்து சற்றுத் தொலைவு சென்றதும் அது ஊமையாகிவிடும். கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது அவர்களை எட்ட வழியில்லை. தமிழக, கேரளக் கரைகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இல்லத்தலைவரை இழந்தன. உடல் கிடைக்காமலே கல்லறைச் சடங்கு நடத்திய ஊர்கள் உண்டு.

அதன்பின் 2019-இல், செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையைப் படகிலுள்ள அலைபேசிக்குத் தரும் ஜெமினி என்னும் சிறு கருவி வந்தது. ஆனால் அது கேட்கும், பேசாது. நாங்கள் மூழ்குகிறோம் என்று அதில் சொல்ல முடியாது. இருபுறமும் செய்தி செல்லும் கருவியை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்க, 1 லட்சம் படகுகளில் அதனைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கப்பட்டது. விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பொருத்திய படகுகளுக்கும் உரிய திட்டம் அது. பொருத்தப்பட்ட கருவியைப் பழுதானால் யார் பார்ப்பார், துறைமுகத்தில் அதற்கென ஆள் இருப்பாரா என்பதை மீனவர் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம். துடுப்பு வலித்துக் கட்டுமரத்தில் செல்பவருக்கு இத்திட்டத்தில் கருவி இல்லை. அவர் புறப்படுமுன் கரையிலேயே கேட்டுக்கொண்டு போக வேண்டியவர்; அவருக்கு ஒலிபெருக்கி இன்றும் வேண்டும்.