கொல்லைச் சுவரை இடிக்கும் முன் ஒரு கணக்கு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையைக் கொல்லைப்பக்கம் நீட்டி, சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே திறந்த கூடமாக்கணும்னு வீட்டில் முடிவு. மேஸ்திரி பின்சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, "ரெண்டு நாள்ல எடுத்துடலாம் சார்" என்றார். எடுத்துடலாம்தான். ஆனால் அது தாங்கும் பாரம் எங்கே போகும்? ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை நிறுத்தும் முன், அதை நம்பி எதெல்லாம் ஓடுது என்று பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் கணக்குப் போட்டேன்.

எங்களுடையது 9 அங்குலச் செங்கல் சுவர். தூணும் பீமும் இல்லாத வீட்டில் கூரை உட்காருவது இதன் மேல்தான்.

5 அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ. மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு சேர்ந்து இன்னொரு 200. மாடியில் ஆள் நடமாட்டத்துக்கு ஐ.எஸ். 875 சொல்வது 150. ஆக 660 கிலோ. அறையின் அகலம் 3.6 மீட்டர், அதில் பாதி, 1.8 மீட்டர், இந்தச் சுவரின் பங்கு. 4 மீட்டர் திறப்பு என்றால் 4 × 1.8 × 660, கிட்டத்தட்ட 4.75 டன். புதுக்கூரையின் ஒரு முனையையும் அதே பீமில் ஏற்றினால் ஒன்பதரை டன்.

இதுவரை 4 மீட்டர் நீளத்துக்குப் பரவி இறங்கின பாரம், இனி இரண்டு முனையில் குவியும். பழைய அஸ்திவாரம் அதற்காகப் போட்டதில்லை. அதனால் இரு முனையிலும் தனி அடித்தளத்தோடு தூண் வேணும்.

இன்னொன்று: பழைய வீடு இறங்க வேண்டிய அளவு இறங்கி முடிந்தது. புதுப் பகுதி இனிமேல்தான் இறங்கும். களிமண்ணில் இது இன்னும் அதிகம். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் சேருமிடத்தில் வெடிப்பு வரும். ஆகவே புதுக்கூரைக்குத் தனித் தூண்கள், நடுவில் ஒரு அங்குல இடைவெளி. ஐப்பசி மழைக்கு அந்த இடைவெளியை மேலே சரியாக மூடுவது தனி வேலை. அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இடிக்கும் முன் கூரைக்கு முட்டு கொடுக்கணும். ஐ.எஸ். 456 படி, 6 மீட்டர் வரையிலான பீமுக்கு முட்டை 14 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது. மேஸ்திரியின் ரெண்டு நாள் இங்கேதான் உதைக்குது.

என் கணக்கு தோராயம். கம்பி எத்தனை, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்லணும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸை வீண்செலவு என்று அப்பா சொன்னார். இந்த ஒன்பதரை டன்னைக் காட்டினேன். அப்புறம் ஒண்ணும் பேசலை.