குழுப்பணியில் பொறுப்புப் பங்கீடு

கணிப்பொறிகளுக்கு வேண்டிய மென்பொருளை ஆக்கும் தொழிலில் ‘ஸ்கிரம்’ என்னும் குழுப்பணி முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றது. ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காக முந்தும் நிலைக்கு ஸ்கிரம் என்று பெயர். 1986-ஆம் ஆண்டில் டாக்கூச்சி, நொனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர்கள் புதுப்பொருள் ஆக்கும் குழுக்களை இவ்வாட்டத்துடன் ஒப்பிட்டனர். 1995-இல் ஷ்வேபர், சதர்லண்டு ஆகிய அமெரிக்கர்கள் இதனை ஒரு முறையாக வகுத்து வெளியிட்டனர்.

இம்முறையில் பொறுப்புகள் மூவகைப்படும். எவ்வேலை முதலில் முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் ‘புராடக்ட் ஓனர்’. அதனை எங்ஙனம் முடிப்பது என்பதைத் தாமே தீர்மானிப்பவர்கள் ஆக்குநர்கள். முறை பிறழாமல் காத்து, தடைகளை நீக்குபவர் ‘ஸ்கிரம் மாஸ்டர்’. இவர் ஆணையிடும் அதிகாரியல்லர். குழுவில் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேற்படுவதில்லை. வேலை ஒரு மாதத்திற்கு மேற்படாத தவணைகளாகப் பிரிக்கப்படுகின்றது. நாள்தோறும் 15 நிமிஷம் ஆக்குநர்கள் கூடித் தம் திட்டத்தைச் சீர்செய்கின்றனர்.

ஆணையிடுவோர் இல்லாத குழு ஒழுங்காக இயங்குமா என்னும் ஐயம் எழலாம். இதற்கு விடை மும்பையில் உண்டு. 1890-இல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கிய டப்பாவாலா முறையில், மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளின் வீடுகளில் சமைத்த உணவு மின்சார ரயில் வழியே காரியாலயங்களைச் சென்றடைகின்றது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஏறத்தாழ 5,000 பேர், சுமார் 25 பேர் கொண்ட 200 குழுக்களாகப் பிரிந்து, நாள்தோறும் 1,30,000 டப்பாக்களைச் சுமந்தனர். சிறு நிலையங்களில் டப்பாக்களை ஏற்றி இறக்க 20 விநாடிகளே கிடைக்கும். ஆகவே சேரிடம், கட்டடம், மாடி ஆகியவை மூடியின்மீது சுருக்கக் குறிகளாக எழுதப்படுகின்றன. ஒருவர் வாராவிடில் அவ்விடத்தை நிரப்ப ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேர் மிகையாக உள்ளனர். ‘முக்கதம்’ எனப்படும் மூத்தவர் பிணக்குகளைத் தீர்ப்பதோடு தாமும் டப்பா சுமக்கின்றார்.

எனினும் இரண்டு முறைகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. டப்பாவாலாக்களின் வேலை நாள்தோறும் ஒன்றே. ஆதலின் நிலைத்த குறிகளும் பழகிய பாதையும் போதுமானவை. மென்பொருளில் தேவை அடிக்கடி மாறும்; ஆதலின் தவணைதோறும் செய்ததைப் பரிசீலித்து, அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும். 2020-இல் தொற்றுநோய் காரணமாக ரயில்கள் நின்று, அலுவலர்கள் வீட்டிலிருந்தே பணிபுரிந்தபோது, டப்பாவாலாக்களின் தொழில் பெரிதும் நலிவுற்றது. குறைந்தது அவர்களது திறமையன்று. மாறியது மக்களின் தேவையே. ஒரு வேலையைப் பிழையின்றிச் செய்யும் ஆற்றல் வேறு. எவ்வேலை வேண்டப்படுகின்றது என்பதை இடையறாது கவனிக்கும் பொறுப்பு வேறு. இப்பொறுப்பினைத் தனியே ஒருவரிடம் ஒப்படைப்பதே ஸ்கிரம் முறையின் சிறப்பாகும்.