மலைப்பாதை வண்டிகளின் வளிவடிகட்டி: அப்புத்தளையை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகம் பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் குடியேற்றம், கூலி, குடியுரிமை, வாக்குரிமை ஆகிய விடயங்களையே சுற்றி வந்துள்ளன. அவற்றின் முதன்மையை எவரும் மறுக்கார். ஆயின், அம்மக்களின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் பொறிகளும் கருவிகளும் ஆய்வாளரின் கண்ணிற் படுவது அரிது. கொழுந்து லொறியும், நோயாளியை நள்ளிரவில் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கும் ஜீப்பும் இத்தகையன. அவ்வாறான ஜீப்பின் ஒரு சிறு உறுப்பை, அதாவது சாரதிமார் ‘எயர் கிளீனர்’ என வழங்கும் வளிவடிகட்டியையும் அதனோடிணைந்த குழாயமைப்பையும் பற்றியே ஈண்டு நோக்குகின்றோம். தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய அமைப்பை வைத்துக்கொள்வதா, அன்றி வெளியார் தயாரித்து விற்கும் மாற்றமைப்பைப் பொருத்துவதா என்பதே வினா.

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், தெற்கே செங்குத்தாக இறங்கும் மலைவிளிம்பில் அமைந்த ஊர். புகைவண்டி இங்கு 1893இல் வந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1890இல், தோமஸ் லிப்டன் தம்பத்தன்னைத் தொழிற்சாலையைக் கட்டிவிட்டார். அதற்கும் மேலே, லிப்டன் இருக்கை எனப்படும் முனை, ஏறத்தாழ 1,970 மீற்றரில் உள்ளது. இவ்வூரைச் சூழ்ந்த பாதைகள் கொழுந்தையும் துரைமாரையும் கொண்டுசெல்லவே வெட்டப்பட்டவை. மக்களின் பயணத்தை எண்ணி எவரும் அவற்றை அமைத்தாரல்லர். 1948இல் வெளிவந்த லாண்ட் ரோவரும், வில்லிஸ் உரிமத்தின் கீழ் மிற்சுபிசி 1953 முதல் செய்த ஜீப்பும் இத்தகைய பாதைகளுக்கே ஏற்றவை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கொம்பனிகளிடம் சென்றது. உடைமை பலமுறை மாறியும் பாதைகளின் சரிவும் தூசும் மாறவில்லை.

பழைய ஜீப் ஒன்றை வைத்துச் சீவிக்கும் சாரதிக்கு அதன் எஞ்சினே முதல். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்ததைக் காப்பாற்றுவதன்றி அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அத்தகையவரிடம், “இந்தக் கறுப்புத் தகரக் குடுவையைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிகட்டியைப் போடும், ஏற்றத்தில் வண்டி பறக்கும்” என்று சொல்லப்படும்போது அதனை ஆராயாது விடுதல் தகாது.

முதலில், எஞ்சின் எவ்வளவு வளியை உட்கொள்கின்றது என்பதை அறிதல் வேண்டும். 2,286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பழைய லாண்ட் ரோவர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், உருளைகள் முற்றாக நிரம்பாமையையும் கழித்து, மணிக்கு ஏறத்தாழ 110 கன மீற்றர் வளியை இழுக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா நான்கில் அடங்கும் வளி இது. ஒரு குடும்பம் முழுவதும் வாழும் இடத்தின் வளியை இவ்வெஞ்சின் கால்மணி நேரத்தில் உறிஞ்சிவிடுகின்றது. அவ்வளியோடு வருவன எவை என்பதே நமது பிரச்சினை.

மலையில் வண்டி திணறுவது உண்மை. அதன் காரணம் வடிகட்டியன்று. நியம வளிமண்டலக் கணக்கின்படி அப்புத்தளையில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்திலும் நூற்றுக்கு 13 குறைவு. லிப்டன் இருக்கையில் அது நூற்றுக்கு 17க்கு மேல். ஒட்சிசன் குறைய, ரேர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அவ்வளவே குறையும். தொழிற்சாலை வடிகட்டி தூய்மையாக இருக்கையில், முழு வேகத்தில் அது உண்டாக்கும் தடை பெரும்பாலும் 2 கிலோபஸ்கால் அளவினது. அப்புத்தளையின் வளியமுக்கம் ஏறத்தாழ 85 கிலோபஸ்கால். ஆகவே தடையை முற்றாக நீக்கினாலும் கிடைக்கக்கூடிய பேறு நூற்றுக்கு இரண்டை அதிகம் தாண்டாது. மேலும், தடை வளியோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவது. பாதி வேகத்தில் அது நான்கிலொன்றாகும். தோட்டப் பாதையின் கொண்டையூசி வளைவுகளில் முதலாம், இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அப்பேறு நூற்றுக்கு அரை என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். விளம்பரங்கள் இக்கணக்கைக் காட்டுவதில்லை.

இழப்போ அதிகம். தொழிற்சாலை அமைப்பு முறையாகக் குளிர்ந்த வெளிவளியை இழுக்குமிடத்து, அதனைக் கழற்றிப் பொனட்டின் கீழே திறந்த கூம்பைப் பொருத்தினால், அது எஞ்சினின் வெப்பத்தில் கொதித்த வளியையே உட்கொள்ளும். வெளியே 20 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை எனின், அடர்த்தி நூற்றுக்கு 12 வீழ்கின்றது. அப்புத்தளை ஏற்றத்தால் இழந்ததை மறுமுறையும் இழப்பதற்கு இது நிகர். வண்டி முன்னிலும் வேகமாக ஓடுவதாகச் சாரதி உணர்வதற்கு, கூம்பு எழுப்பும் பெரிய உறுமலே பெரிதும் காரணம் எனலாம். கரும்புகை தள்ளும் டீசல் வண்டிக்கும் வடிகட்டி மருந்தாகாது. அது அடைபட்டிருக்கவில்லையெனின், உயரத்துக்கேற்ப டீசல் பம்பின் வழங்கலைக் குறைப்பதே முறை. பெற்றோல் வண்டியாயின் கார்புரேற்றரின் ஜெற்றைச் சிறிதாக்குவது.

இனித் தூசிக்கு வருவோம். ஊவாவின் பருவம் மேற்குச் சரிவின் பருவத்தினின்றும் வேறானது. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேல் பருவமழை மறுபக்கத்தை நனைக்கையில், இங்கு கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் மணம் அக்காற்றினாலேயே வாய்க்கின்றது. தோட்டப் பாதையின் தூசும் அக்காற்றினாலேயே எழுகின்றது. இம்மலைகளின் பாறைகளில் குவாட்சு மிகுதி. அது எஞ்சினின் வார்ப்பிரும்பிலும் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப்படலம் சில மைக்கிறோன் தடிப்பே உடையது. கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்கிறோன் துகள்கள் அவ்விடைவெளியிற் புகுந்து அரத்தைப்போல் அராவும். பின்னர் எண்ணெய் எரியத் தொடங்கும், அமுக்கம் குறையும், குளிர்ந்த காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்கும். பிரசவவலி கண்ட பெண்ணொருத்தி லயத்தில் காத்திருக்கும் காலையும் அதுவாக இருக்கலாம்.

பழைய ஜீப்புகளின் கறுப்புக் குடுவை எண்ணெய்த்தொட்டி வகையைச் சேர்ந்தது. வளி எண்ணெயின் மேற்பரப்பில் திடீரெனத் திரும்புகையில் பாரமான துகள்கள் திரும்பமாட்டாது எண்ணெயில் விழும். பருந்தூசை அது நன்கு பிடிக்கும். நுண்தூசையும், மெதுவாக ஓடுகையில் வருவதையும், அத்துணை பிடிப்பதில்லை. ஆயினும் அதற்குப் புதிய உறுப்பு வாங்க வேண்டியதில்லை. எண்ணெயை மாற்றினாற் போதும். வறிய சாரதிக்கு இது சிறு சலுகையன்று. தாள்வடிகட்டி நுண்தூசில் நூற்றுக்கு 99க்கு மேல் தடுப்பது. தூசு படியப் படிய அதன் திறன் கூடும், தடையும் கூடும். பல டீசல் எஞ்சின்களில் தடை 6 கிலோபஸ்காலை எட்டும்போது தாளை மாற்றுதல் முறை. அதனை அழுத்தக் காற்றால் ஊதியும் சுவரில் தட்டியும் மீண்டும் பொருத்துகின்றனர். கண்ணுக்குத் தெரியாது கிழிந்த தாள், தாளே இல்லாமைக்குச் சமம். எண்ணெய் தோய்த்த பருத்தி வலை மூன்றாவது வகை. 1969இல் கலிபோர்ணியாவில் தொடங்கப்பட்ட கே அண்ட் என் நிறுவனம் இதனைப் பிரபலமாக்கியது. புதிதாக இருக்கையில் தடை குறைவு. கழுவி மீளப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் திறன் எண்ணெயிடும் கையைப் பொறுத்தது. குறைந்தால் தூசு புகும். மிகுந்தால், புதிய வண்டிகளில் வளியின் அளவை அறியும் உணர்கருவியில் எண்ணெய் படிந்து கணக்கைக் குழப்பும்.

அப்புத்தளையின் மூடுபனி தாள்வடிகட்டிக்குப் பகையாகக்கூடும். ஈரத்தில் தாள் ஊதித் தடை மிகும். பருத்தி வலைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நியாயமான ஒரு வாதம் இதுவே; ஆயினும் மூடியுள்ள தொழிற்சாலைப் பெட்டி பனித்துளியைப் பெரும்பாலும் வெளியிலேயே விட்டுவிடுகின்றது.

இளைஞரிடையே திறந்த கூம்பின் மோகம் எங்கிருந்து வந்தது? அயலிலுள்ள தியத்தலாவையின் பொக்ஸ்ஹில் ஓட்டக்களம் அதற்கு ஒரு காரணமாகலாம். (2024 ஏப்ரல் 21இல் எழுவரைப் பலிகொண்ட விபத்தால் அக்களத்தை நாடே அறியும்.) போட்டி வண்டியின் எஞ்சின் அடிக்கடி பிரித்துப் பூட்டப்படுவது, அதன் ஆயுளைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. வாடகை ஜீப்பின் எஞ்சினோ பல்லாண்டுகள் உழைக்கவேண்டியது. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது.

வெளியார் பொருத்துகளில் நாம் ஏற்கத்தக்கது, கூரைமட்டத்துக்கு உயர்த்திய வளிக்குழாயே. மழைக்காலத்தில் பாதையைக் கடக்கும் ஓடைகளை எண்ணுக. மேற்சொன்ன லாண்ட் ரோவரின் டீசல் வகையில் அமுக்க விகிதம் 23க்கு 1. பிஸ்டன் மேலே வந்தபோது ஓருருளையில் எஞ்சும் இடம் 26 கன சென்ரிமீற்றர் மட்டுமே. இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைந்த நீர் புகுந்தால் போதும்: நீர் அமுங்காது, இணைப்புத்தண்டு வளைந்துவிடும். தூசும் நிலமட்டத்திலேயே செறிவு, கூரைமட்டத்தில் குறைவு. ஆகவே தொழிற்சாலை வடிகட்டியை அவ்வாறே வைத்து, அதன் வாயை மாத்திரம் உயர்த்துவது இரு பருவத்துக்கும் ஏற்றது. ரேர்போ பூட்டிய புதிய வண்டிகளுக்கும் இது பொருந்தும். அவை உயரத்தின் இழப்பைத் தாமே பெரிதும் ஈடுசெய்பவை. அவற்றின் சுழலியின் அலகுகளைத் தூசு தின்றுவிடுமாதலால் திறந்த கூம்பு அங்கு இன்னும் ஆபத்தானது.

எதைப் பொருத்தினும் இணைப்புகள் இறுகியிருத்தல் அவசியம்; வடிகட்டிக்குப் பின்னாலுள்ள றப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு, எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டியையும் வீணாக்கும். இதனைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தல் போதும். துணி செம்மண் நிறமானால், தூசு ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கின்றது.